இணையத்தில் காயப்பட்ட பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி? பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அந்தப் பையனுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். என் எதிரே உட்கார்ந்திருந்தபோது மேசைமேல் அவனுடைய போன் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அது அதிரும்போதெல்லாம் அவன் தோள் தூக்கிப்போட்டது. பேச்சு பாதியில் அறுந்தது. மூன்றாவது முறை அதிர்ந்ததும் அவனுடைய அம்மா கையை நீட்டி அதை எடுக்கப் போனார். "வேண்டாம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் வராண்டாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்ஸ்டாகிராமில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த நட்பு அழைப்பு, நான்கு நாள் பேச்சு, பிறகு ஒரு வீடியோ அழைப்பு. அழைப்பு முடிந்த சில நிமிடங்களில் அவன் முகமும் உடலும் தெரியும் பதிவு அவனுக்கே வந்தது. கூடவே அவனுடைய நண்பர்களின் பட்டியலும் வந்தது. டியூஷனுக்கு அம்மா கொடுத்திருந்த ஐயாயிரத்தை அனுப்பினான். மறுநாள் பத்தாயிரம் கேட்டார்கள். பதினோரு நாள் சரியாகத் தூங்காமல் கிடந்து, வகுப்பில் மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"ஏன்டா முதலிலேயே சொல்லவில்லை?" என்று அம்மா கேட்டார். "போனைப் பிடுங்கிவிடுவீர்கள். அப்பா அடிப்பார். அப்புறம் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்றான். மிரட்டியவனுக்கு அந்த வீடியோவைவிட அதிகம் உதவியது, சொந்த வீட்டைப் பற்றி அவனுக்கு இருந்த இந்தப் பயம்தான். பள்ளி ஆலோசகராக நான் பார்த்த பிள்ளைகளில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. முகத்தை வேறு உடலில் ஒட்டிய போலிப் படம், காதலித்தவன் பரப்பிய அந்தரங்கப் படம், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மாதக்கணக்கில் நடந்த கேலி என்று காயங்களும் பலவகை. எல்லாவற்றிலும் பிள்ளை எவ்வளவு சீக்கிரம் தேறியது என்பதை, விஷயம் தெரிந்த முதல் நாளில் வீட்டார் நடந்துகொண்ட விதமே பெரும்பாலும் தீர்மானித்தது. அதனால் இந்த வழிகாட்டியில் முதல் நாளுக்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதல் பத்து நிமிடம்

உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்காதீர்கள். பிள்ளைக்கு எதிரே உட்காருவதைவிடப் பக்கத்தில் உட்காருவது நல்லது. கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது வார்த்தை எளிதாக வரும். தண்ணீர் கொடுங்கள். பிறகு இந்த நான்கு செய்திகளையும் உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்:

"நீ என்னிடம் சொன்னது நல்லது. நான் உன்னை நம்புகிறேன். இதைச் செய்தவன்மேல்தான் தப்பு. இனி இதை நீ தனியாகச் சுமக்க வேண்டாம்."

"நீ ஏன் அனுப்பினாய்?" என்ற கேள்வியை அன்று கேட்காதீர்கள். பிள்ளை அந்தக் கேள்வியைத் தனக்குத் தானே நூறு தடவை கேட்டுக்கொண்டுதான் உங்களிடம் வந்திருக்கிறது. "மானம் போய்விட்டதே", "ஊர் என்ன சொல்லும்" போன்ற சொற்களை அடுத்த அறையிலும் சொல்லாதீர்கள். வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. அப்பாவோ மாமாவோ கொதித்துப்போய் "அவனைச் சும்மா விடக் கூடாது" என்று கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். அந்தக் கோபத்தில் அன்பு இருந்தாலும், தன்னால் வீட்டில் இன்னொரு ஆபத்து வந்துவிட்டது என்றே பிள்ளைக்குப் படும்.

பல ஆண்டுகளுக்குப் பிறகே நான் கற்றுக்கொண்ட ஒன்றையும் சொல்கிறேன். அந்தப் படத்தை நீங்கள் பார்க்காதீர்கள். பார்க்கவில்லை என்பதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "நான் அதைப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்." ஒரு மாணவி இதைக் கேட்டதும் அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த துப்பட்டாவை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அப்பா பார்த்திருப்பாரோ என்ற எண்ணமே ஒரு வாரமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது. யார் யார் பார்த்தார்கள் என்று தெரியாமல் இருப்பதுதான் இந்தக் காயத்தின் கொடுமையான பகுதி. தெருவில் யாராவது சிரித்தால்கூட அதற்குத்தானோ என்று தோன்றும். பார்க்காத ஒருவராவது உலகத்தில் உறுதியாக இருக்கிறார் என்பது அவர்களுக்கு மூச்சுவிட இடம் தரும்.

படம் போலியாகச் செய்யப்பட்டது என்றால், "அது நீ இல்லையே, பிறகு ஏன் கவலைப்படுகிறாய்?" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். பார்க்கிறவர்கள் அது உண்மை என்று நினைக்கும்போது அவமானமும் நடுக்கமும் உண்மையாகவே வருகின்றன.

இன்னொன்று, "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். சட்டப்படி சிலரிடம் சொல்லியாக வேண்டியிருக்கும். "உனக்குத் தெரியாமல் யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

உயிருக்கு ஆபத்து உண்டா என்று நேராகக் கேளுங்கள்

இதைத் தள்ளிப்போடக் கூடாது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, கேட்பது பெரும்பாலும் பாரத்தை இறக்குகிறது. சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "இது தாங்க முடியாமல் உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதா? ஏதாவது செய்துகொள்ள நினைத்தாயா?"

"தோன்றியது" என்று பதில் வந்தால் பதறாமல், "சொன்னாயே, அது போதும்" என்று சொல்லுங்கள். அன்று இரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். ஒரே அறையில் படுங்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, பாட்டியின் மாத்திரைப் பெட்டி போன்றவற்றைப் பூட்டி வையுங்கள், அல்லது வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும் நேரம் பல சமயம் குறுகியது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கிறது. பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுப்பது, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பது, பல நாள் அழுகைக்குப் பிறகு திடீரென அமைதியாவது ஆகியவை எச்சரிக்கைகள்.

உதவி எண்களை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். 14416 மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. குழந்தைகளுக்கு 1098. பிள்ளை ஏற்கெனவே தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்தால் போன் செய்துகொண்டிருக்காமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு 108 ஆம்புலன்ஸில் செல்லுங்கள். போலீஸ் வழக்கு வரும் என்று தயங்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், எதிராக நிரூபிக்கப்பட்டால் ஒழிய அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

அன்று இரவுக்குள்: பணம், ஆதாரம், கணக்கு

மிரட்டுபவனுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதற்காகத் திட்டாமல், இனி ஒரு ரூபாயும் இல்லை என்று நிறுத்துங்கள். கொடுப்பவரிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் வங்கிக் கணக்கில் தொகையை முடக்க வாய்ப்பு இருக்கும். பிள்ளையின் கணக்கிலிருந்து நீங்கள் மிரட்டல்காரனோடு பேசவோ சண்டை போடவோ வேண்டாம்.

பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவது பலரும் செய்யும் தவறு. முதலில் ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள். மிரட்டல் செய்திகள் தேதி, நேரத்தோடு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தக் கணக்கின் பெயரை மட்டும் குறித்தால் போதாது, பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள். பக்கத்தின் லிங்க்கையும் நகலெடுத்து வையுங்கள். போன் எண், பணம் போன யுபிஐ ஐடி, பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தரங்கப் படத்தை மட்டும் எங்கும் நகலெடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். தலைமையாசிரியருக்கோ வக்கீல் மாமாவுக்கோ "காட்டுவதற்காக" அனுப்பினாலும், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் அத்தகைய படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் சிக்கலை உண்டாக்கும். அது போனிலேயே இருக்கட்டும். விசாரணை அதிகாரி பார்த்துக்கொள்வார்.

பிறகுதான் மிரட்டும் கணக்கைத் தடுக்க வேண்டும். பிள்ளையின் கணக்கை நீக்காதீர்கள். நண்பர்கள் பட்டியலை மறைத்து, கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டால் போதும். இந்த வேலையைப் பிள்ளையே செய்ய நீங்கள் பக்கத்தில் இருங்கள். கை நடுங்கினாலும் அவர்கள் கையாலேயே நடக்கட்டும். பறிபோன கட்டுப்பாட்டில் ஒரு துண்டு அப்போதே திரும்பக் கிடைக்கிறது.

போனைப் பறிக்க வேண்டாம் என்று நான் பெற்றோரிடம் மன்றாடியே கேட்பேன். உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை பிள்ளை சொல்லாது. ஆறுதல் சொல்லும் நாலு நண்பர்களும் அந்தப் போனில்தான் இருக்கிறார்கள். இரவில் மட்டும் போன் உங்கள் அறையில் இருக்கட்டும் என்று பேசி ஒத்துக்கொள்ளலாம்.

படத்தை இறக்குவது

பதினெட்டு வயதுக்குள் எடுக்கப்பட்ட படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துகிறது. உலகில் எங்கிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் சொல்ல வேண்டாம். படம் உங்கள் போனை விட்டு வெளியே போவதில்லை. அதிலிருந்து கைரேகை போன்ற ஓர் எண்குறி மட்டும் உருவாகிறது; சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தக் குறியை வைத்து அதே படத்தைக் கண்டுபிடித்து நீக்குகின்றன. பதினெட்டு வயதுக்கு மேல் எடுக்கப்பட்ட படத்துக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற சேவை இதேபோல் வேலை செய்கிறது. வாட்ஸ்அப் போன்ற மறையாக்கம் செய்யப்பட்ட (பேசிக்கொள்பவர்கள் மட்டுமே படிக்க முடிகிற) உரையாடல்களையும், சேராத தளங்களையும் இவை எட்டாது. இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "எல்லாம் போய்விடும்" என்ற பொய்யான நம்பிக்கை பிறகு இரட்டை அடியாக விழும்.

அந்தந்தத் தளத்திலும் புகார் கொடுங்கள். அந்தரங்கப் படமோ உருமாற்றிய படமோ பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் கெடு வைத்தன. புகார் எண்ணை நோட்டில் எழுதுங்கள்.

காவல் நிலையம்

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்மீது பாலியல் தன்மையுள்ள குற்றம் நடந்ததாகத் தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கடமை. ஆசிரியருக்கும் ஆலோசகருக்கும் இது பொருந்தும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். குற்றம் எங்கு நடந்தது என்று பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். புகார் கொடுத்த சான்றாக ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

"ஸ்டேஷன் வாசல் மிதிக்க வேண்டுமே" என்று கலங்கும் பெற்றோர் தங்கள் உரிமைகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும்; சீருடையில் இருக்கக் கூடாது. பெற்றோரோ பிள்ளை நம்பும் வேறொருவரோ உடன் இருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயர், முகம், பள்ளி என அடையாளம் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. 2020-ன் போக்சோ விதிகளின்படி, வழக்கு முழுவதும் உடன் வர ஓர் 'ஆதரவு நபரை' மாவட்டக் குழந்தைகள் நலக் குழு நியமிக்க முடியும். இதைக் கேட்டு வாங்குங்கள். பல குடும்பங்களுக்கு இப்படி ஒருவர் கிடைப்பார் என்பதே தெரிவதில்லை.

சொல்லும் சொல்லிலும் கவனம் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எதிர்த்த மேல்முறையீட்டில், 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 'குழந்தை ஆபாசம்' என்ற சொல்லை நீதிமன்றங்கள் பயன்படுத்தக் கூடாது, குழந்தைமீதான பாலியல் சுரண்டலின் பதிவு என்றே குறிப்பிட வேண்டும் என்று சொன்னது. புகார் மனுவிலும் வீட்டுப் பேச்சிலும் 'ஆபாசப் படம்' என்று எழுதாதீர்கள், பேசாதீர்கள். அந்தச் சொல் பழியைப் பிள்ளைமேல் போடுகிறது.

பள்ளி

தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், ஆலோசகர் என மூன்று பேருக்குத் தெரிந்தால் போதும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் "சமீபத்தில் நம் பள்ளியில் நடந்த சம்பவம்" என்று ஒருவர் அறிவுரை சொன்னால், பெயர் சொல்லாவிட்டாலும் ஆயிரம் கண்கள் ஒரு பிள்ளையைத் தேடும். அப்படிச் செய்ய வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போங்கள் என்று பள்ளி சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையே வேறு பள்ளிக்குப் போக விரும்பினால் அது வேறு. தாங்க முடியாத நேரத்தில் காரணம் சொல்லாமல் வகுப்பை விட்டு எழுந்துபோக ஓர் அனுமதியும், போய் உட்கார ஓர் இடமும் இருக்கட்டும். என் பள்ளியில் அது நூலகத்தின் கடைசி மேசை.

அடுத்து வரும் வாரங்கள்

முதல் வாரத்தில் தூக்கம், சாப்பாடு, குளியல் மூன்றும் ஒழுங்காக நடந்தால் பெரிய வெற்றி. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். வரும் உறவினர் ஒவ்வொருவரிடமும் விவரிக்கச் சொல்வது ஆறுகிற புண்ணைக் கிளறுவதுதான். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு 'பார், கேள், இணை' என்ற மூன்றைச் சொல்கிறது: என்ன தேவை என்று பார்ப்பது, சொல்ல விரும்புவதைக் கேட்பது, உரிய உதவியோடு இணைப்பது. தோண்டித் துருவுவது அந்தப் பட்டியலில் இல்லை.

இரவில் நெஞ்சு படபடக்கும்போது நான் சொல்லித் தரும் ஒரு பயிற்சி: கண்ணில் படும் ஐந்து பொருட்கள், தொட முடிந்த நான்கு, காதில் விழும் மூன்று ஓசைகள், இரண்டு வாசனைகள், நாக்கில் ஒரு சுவை என மெல்லச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். முன்பு சொன்ன பையன் வாசனைக்கு எப்போதும் சமையலறை டப்பாவிலிருந்து இரண்டு ஏலக்காயைப் பையில் வைத்திருப்பான். கவலை நாள் முழுவதும் ஓடாமல் இருக்க, மாலையில் இருபது நிமிடம் மட்டும் அதற்கென ஒதுக்கி நோட்டில் எழுதச் சொல்லலாம். இணையத்தில் தன் பெயரைத் தேடித் தேடிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு வந்துவிடும். அந்தத் தேடலை நம்பிக்கையான பெரியவர் ஒருவர் வாரம் ஒருமுறை செய்வதாக ஏற்றுக்கொண்டால் பிள்ளையின் கை ஓயும்.

கேரம், சைக்கிள், மாவாட்டுவது, தங்கையோடு சண்டை எல்லாம் வழக்கம்போல் நடக்கட்டும். பாதிக்கப்பட்டவர் என்ற ஒரே பாத்திரத்தில் பிள்ளையை உட்கார வைத்துவிடாதீர்கள். ஒருநாள் சிரித்துவிட்டு மறுநாள் அறைக்குள் முடங்கினால் பின்னடைவு என்று பதற வேண்டாம். ஆறுவது அப்படித்தான் இருக்கும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அழ ஓர் இடம் வேண்டும். அது பிள்ளையின் முன்னால் இருக்க வேண்டாம். 14416 உங்களுக்கும்தான்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

ஒரு மாதத்துக்குப் பிறகும் கெட்ட கனவு, திடுக்கிடல், பள்ளிக்குப் போக மறுப்பு, காரணமில்லாத வயிற்றுவலி தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ சாவைப் பற்றிய பேச்சோ இருந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கும் போகலாம். அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இத்தகைய பிள்ளைகளுக்கு நன்றாகப் பலன் தருகிறது. அதில் பயிற்சி உள்ளவரா என்று கேட்பதில் தவறில்லை. முதல் ஆலோசகரோடு பிள்ளைக்கு ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றுங்கள்.

பரப்பியது உங்கள் பிள்ளை என்றால்

மூடி மறைக்காதீர்கள். யார் யாருக்கு அனுப்பியதோ அவர்களிடமெல்லாம் அழிக்கச் சொல்லச் செய்யுங்கள், பள்ளியிடம் நீங்களே சொல்லுங்கள், சட்ட உதவி நாடுங்கள். பாதிக்கப்பட்ட வீட்டுக்கு மன்னிப்புக் கேட்டு நேரே போய் நிற்காதீர்கள். அவர்கள் தயாராக இருக்கிறார்களா என்று பள்ளி வழியாகக் கேளுங்கள்.

மறுபடி வந்தால்

நீக்கிய படம் மாதங்கள் கழித்து வேறொரு கணக்கில் தலைகாட்டலாம். இதை முன்பே பிள்ளையிடம் சொல்லி, அப்படி வந்தால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்: பதில் போடாதே, ஸ்கிரீன்ஷாட் எடு, லிங்க்கைக் குறித்துக்கொள், எங்களிடம் வா. புகார் ரசீது, புகார் எண்கள், விசாரணை அதிகாரியின் பெயர் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

அந்தப் பையனுக்கு எட்டு மாதம் கழித்து, கல்லூரியில் சேர்ந்த பிறகு, புதிய கணக்கிலிருந்து பழைய மிரட்டல் வந்தது. அன்று மாலை அவன் அம்மா என்னை அழைத்துச் சொன்னார்: "சாப்பிட்டுக்கொண்டிருந்தான் சார். போனைப் பார்த்தான். முகம் ஒரு நிமிடம் வெளுத்தது. பிறகு கை கழுவிவிட்டு வந்து, 'அம்மா, அந்தப் பச்சைக் கோப்பு பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது?' என்று கேட்டான்."